பட்டா மாமனார் பேரில், மிளகு கணக்கிலேயே இல்லை: புயல் நிவாரணத்துக்கு என்ன செய்வது?

ஒன்றேகால் ஏக்கர்:

வணக்கம். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுக்கு. ஊர்ப் பேரை எழுதவில்லை. இருப்பதே நாற்பது வீடு, எழுதினால் யாரென்று உடனே தெரிந்துவிடும்.

போன வாரம் கடலில் உருவான தாழ்வு மண்டலம், டிவியில் "வலுவிழந்தது" என்று சொன்ன பிறகுதான் எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தது. கஜா புயல் அன்றைக்கும் இதே கதைதான். 2018 நவம்பர் 16, விடியும் முன்னே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. காலையில் அங்கே விழுந்த தென்னையை டிவியில் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தோம். மதியம் ஆவதற்குள் எங்கள் ஓடு பறந்துவிட்டது. கரையைக் கடந்தால் புயல் முடிந்தது என்று செய்தி வாசிக்கிறவர்கள் நினைக்கிறார்கள். கரை தாண்டினால் அடுத்து மலைதானே இருக்கிறது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றே கால் ஏக்கர் காபித் தோட்டம். நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகு ஏற்றியிருக்கிறோம். ஓடையோரமாக முப்பது சென்ட் மலைவாழை. இப்போது சில்வர் ஓக்கில் இருபத்திரண்டு மரம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது. ஒரு சில்வர் ஓக் விழுந்தால் ஒரு மரம் போனதாகக் கணக்கு இல்லை. அதைச் சுற்றியிருந்த எட்டு வருஷத்து மிளகுக் கொடி கூடவே போகிறது. விழுகிற இடத்தில் நாலைந்து காபிச் செடி நசுங்குகிறது. பழம் சிவக்கிற நேரம் வேறு. மரத்தடியில் குனிந்து பார்த்தால் சேற்றில் பழம் கொட்டிக் கிடக்கிறது, பாசி மணி மாலை அறுந்த மாதிரி.

கிராம நிர்வாக அலுவலர் மறுநாளே வந்தார், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் கேட் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "வாழை 60 மரம்" என்று ஒரு வரி எழுதிக்கொண்டு போய்விட்டார். காபி, மிளகு பற்றி எதுவுமே எழுதவில்லை. அப்புறம் பட்டா யார் பேரில் என்றார். மாமனார் பேரில். அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. "அப்படியா, பார்ப்போம்" என்றார். அந்த "பார்ப்போம்" எனக்குச் சரியாகப் படவில்லை.

மாட்டுக் கொட்டகை ஷீட் மூன்று போய்விட்டது. ஒரு வெள்ளாடு சுவர் சரிந்து செத்தது. மாடு தப்பித்தது.

ரோட்டைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாறைக்குக் கீழே விழுந்த மரங்களைத் தீயணைப்பு ஆட்கள் இரவோடு இரவாக அறுத்துப் போட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு சித்தரேவு வரைக்கும் ஜீப் இறங்கியது. பள்ளிக்கூடத்தில் இரண்டு ராத்திரி தங்கவைத்து சாப்பாடும் போட்டார்கள். ரவை உப்புமா, ஒரு வேளை கூட மாறவில்லை, ஆனால் சூடாக இருந்தது.

என் கேள்வி இதுதான். விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்கினால்தான் மிச்சமிருக்கும் காபியைக் காப்பாற்ற முடியும். அறுக்கலாமா? பட்டா பேர் மாறாததால் பணம் வராதா? மிளகைக் கணக்கில் சேர்க்கவைக்க என்ன வழி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சமவெளிவாசி:

அக்கா, இதற்கு அலைகிற பஸ் காசு கூடத் தேறாது. எங்கள் வீட்டில் ஒரு தடவை அலைந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டோம்.

குந்தா தலையாரி:

அம்மா, நான் நீலகிரியில் 31 வருஷம் கிராம உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தலையாரி என்றால்தான் எங்கள் ஊரில் தெரியும். கணக்கெடுப்புக்கு அதிகாரி வரும்போது முன்னால் குடை பிடித்து, அட்டைப்பூச்சி விரட்டி, நாடா பிடித்து நடந்தவன். அதனால் உங்கள் ஊர் அலுவலர் ஏன் கேட் பக்கத்திலேயே நின்றார் என்று எனக்குத் தெரியும். ஒரே நாளில் அவருக்கு ஐம்பது, அறுபது தோட்டம் இருக்கும். கையில் இருக்கும் தாளில் ஒரு புல எண்ணுக்கு ஒரு வரிதான். அந்தத் தாளைப் போட்டவர் நெல் வயலை மனதில் வைத்துப் போட்டிருக்கிறார். மலையில் ஒரே சென்டில் மேலே மரம், நடுவில் கொடி, கீழே செடி என்று அவருக்கு யார் சொல்வது? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதல் காரியம், மரத்தை இப்போது அறுக்காதீர்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்த பிறகு அறுங்கள். போட்டோ என்றால் மரத்தை மட்டும் எடுக்காதீர்கள், எந்தத் தோட்டத்து மரம் என்று யாருக்குத் தெரியும்? எல்லைக்கல் தெரிகிற மாதிரி ஒன்று எடுங்கள். வேர் பெயர்ந்த குழிக்குப் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவரை நிறுத்தி ஒன்று எடுங்கள். நசுங்கிய காபிச் செடியைக் கையால் தூக்கிப் பிடித்துப் பழத்தோடு ஒன்று எடுங்கள். தேதியும் இடமும் போட்டோவிலேயே பதிகிற கேமரா ஆப் இருக்கிறது, பேரன் பேத்தியிடம் கேட்டால் போட்டுத் தருவார்கள். அறுத்த பிறகும் துண்டை உடனே லாரி ஏற்றாதீர்கள். மலைப்பகுதி மரத்துக்கு 1955லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, வனத்துறை ரேஞ்ச் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் காற்று தள்ளிய மரத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

அப்புறம் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதி வைக்கும் கிராமப் பதிவேடு. உங்கள் புல எண்ணுக்கு அடங்கலில் என்ன பயிர் எழுதியிருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் "காபி" என்று மட்டும் இருக்கும், சில இடத்தில் இருபது வருஷத்துக்கு முன் இருந்த பயிரையே நகலெடுத்துக்கொண்டு வருவார்கள். மிளகு ஊடுபயிர் என்று அதில் இல்லாவிட்டால் மிளகு விழவே இல்லை, அவ்வளவுதான். நான் வேலையில் இருந்தபோது மலைப்பூண்டு போட்ட நிலம் உருளைக்கிழங்கு என்றே ஏழு வருஷம் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் மனுவில் நிவாரணம் கேட்பதோடு அடங்கலைத் திருத்தவும் கேளுங்கள்.

கணக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். 2022 முதல் 2026 வரைக்கும் ஒன்றிய அரசு வைத்த அளவுகோலில் பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500. 2024 ஃபெஞ்சல் புயலுக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்ததும் இதே தொகைதான். உங்கள் ஒன்றே கால் ஏக்கர் அரை ஹெக்டேர். முழுசும் பல்லாண்டுப் பயிர் என்று ஏறினால் பதினோராயிரத்துச் சொச்சம். வாழை முப்பது சென்ட் மட்டும் ஏறினால் மூவாயிரம் கூடத் தேறாது. ஒரு வரிக்கு இவ்வளவு வித்தியாசம். ஆனால் ஒன்று, சேதம் 33 சதவீதமாவது இருக்க வேண்டும். அங்கேதான் மலைக்காரர்கள் அடிபடுவது. வெள்ளம் வந்த வயல் முழுசாக மூழ்கும், பார்த்தாலே தெரியும். நிழல்மரம் விழுந்த தோட்டம் தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகவே தெரியும். அதனால் தோட்டக்கலை அலுவலரையும் வருவாய் ஆய்வாளரையும் சேர்த்து உள்ளே கூப்பிட்டு, மரம் மரமாக எண்ணிக் காட்டுங்கள். செடி எத்தனை, நசுங்கியது எத்தனை என்று நீங்களே முந்தி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அதே அளவுகோலில் வெள்ளாட்டுக்கு 4,000. புதைத்துவிட்டீர்களா? கால்நடை மருத்துவர் சான்று கேட்பார்கள். அதிலேயே கொட்டகைக்கு 3,000. இந்த இரண்டும் தாலுகா அளவிலேயே சீக்கிரம் முடிகிற காரியம். பயிருக்கு மட்டும் கணக்கு மேலே போய், அரசாணை வந்து, பிறகுதான் பணம். பேர் வைத்த புயலென்றால் அரசாணை வேகமாக வரும். உங்களுக்கு அடித்தது பேரில்லாத காற்று, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பட்டா பற்றிப் பயப்பட வேண்டாம். வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகள் "இவர் கணக்கில் போடச் சம்மதம்" என்று கையெழுத்திட்ட கடிதமும் வைத்துக்கொடுங்கள். பட்டா மாறுதலுக்கும் இப்போதே எழுதிப்போடுங்கள், அடுத்த புயல் உங்கள் மாமனார் பேரைக் கேட்டுக்கொண்டு வரக் கூடாது.

மனுவுக்கு ரசீது வாங்காமல் அலுவலகப் படி இறங்காதீர்கள்.

கேத்தி கேரட்:

தலையாரி ஐயா சொன்னதோடு ஒன்று. உங்கள் தோட்டத்தில் மண் சரிந்திருந்தால் அதைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது, நீலகிரியில் நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மூன்று பாத்தி கேரட் இருந்த படிக்கட்டு நிலம் அப்படியே கீழே ஆற்றோடு போய்விட்டது. நாங்கள் கேரட்டுக்கு மட்டும் மனு கொடுத்தோம். நிலம் போனதற்கு யாரும் எழுதிக்கொடுக்கவில்லை, எங்களுக்குக் கேட்கவும் தெரியவில்லை. ஐயா சொன்ன 2022-2026 அளவுகோலில் சரிவில் நிலமே போனால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000, வந்து விழுந்த கல்லையும் மண்ணையும் அகற்ற 18,000 என்று இருந்தது. பத்து சென்டுக்கு என்ன வரும் என்று கேட்காதீர்கள். கணக்குப் போட்டால் அழுகை வரும்.

ஒன்றேகால் ஏக்கர்:

ஐயா, நீங்கள் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "குடை பிடித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றார். ஆட்டைப் புதைத்துவிட்டோம். ஆனால் புதைக்கும் முன் பையன் போனில் எடுத்த போட்டோ இருக்கிறது. கால்நடை மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டார் இரண்டு பேரிடம் எழுதி வாங்கிக்கொண்டு சான்று கொடுத்தார். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தாயிற்று. திருப்பூரில் இருக்கும் வீட்டுக்காரரின் அண்ணன் சம்மதக் கடிதத்தை அனுப்பிவிட்டார், கூடவே "எனக்கும் பங்கு உண்டு" என்று ஒரு வரியும்.

குந்தா தலையாரி:

அந்த வரி எல்லா வீட்டிலும் வரும் அம்மா. நோட்டில் எண்ணி எழுதினீர்களா?

ஒன்றேகால் ஏக்கர்:

எழுதினோம். அத்தையும் நானும் ஒரு நாள் முழுக்க. காபி 912 செடி, அதில் நசுங்கியது, வேர் ஆடியது எல்லாம் சேர்த்து 338. கொடி ஏறிய மரம் 58, விழுந்தது 22. வகுத்துப் பார்த்தபோது காபி 37 சதவீதம், மிளகு கிட்டத்தட்ட 38. முதலில் 290 என்றுதான் வந்தது, அது 32க்குக் கீழே. அத்தை நம்பாமல் ஓடைக்கு அந்தப் பக்கம் போய் மறுபடி எண்ணினார். நாங்கள் விட்டுப்போன ஒரு வரிசை, மேலே இலை மூடிக் கிடந்தது.

நேற்று வருவாய் ஆய்வாளரும் தோட்டக்கலை அலுவலரும் வந்தார்கள். மழைக்கோட்டோடு உள்ளேயே வந்து, விழுந்த மரம் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய் எண்ணினார்கள். தோட்டக்கலைக்காரப் பெண் எங்கள் நோட்டை வாங்கிப் பார்த்து, நாலு இடத்தில் பென்சிலால் டிக் அடித்து, ஒரு இடத்தில் இரண்டு செடியைக் குறைத்தார். நியாயமான குறைப்புதான், அந்தச் செடி முன்பே தண்டுத்துளைப்பான் தின்றது. தாளில் "காபி, மிளகு ஊடுபயிர், வாழை" என்று மூன்றும் ஏறிவிட்டது. பணம் எப்போது என்று கேட்டேன், அரசாணை வரட்டும் என்றார்கள். கொட்டகைக்கும் ஆட்டுக்கும் மட்டும் வங்கிக் கணக்கு நகல் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

இன்று காலை மரம் அறுக்க ஆள் வந்தார்கள். விழுந்து பத்து நாள் ஆகியும் கொடி இன்னும் பச்சையாகவே இருக்கிறது, சரத்தில் மிளகு முக்கால் முற்றல். அத்தை மரத்தின் மேலேயே உட்கார்ந்து உருவிக்கொண்டிருக்கிறார். ஏணி இல்லாமல் மிளகு பறிக்கிறது இதுதான் முதல் தடவை என்கிறார். பட்டிவீரன்பட்டியில் முற்றாத மிளகுக்கு என்ன விலை போகிறது என்று யாருக்காவது தெரியுமா?