டெங்குவில் யாரை அட்மிட் செய்ய வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

கேள்வி:
தம்பிக்கு டெங்கு, இன்று நாலாவது நாள். பிளேட்லெட் 95,000. வீட்டிலேயே இருக்கட்டும், தினமும் ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் கூட்டி வாருங்கள் என்கிறார் டாக்டர். ஆனால் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 1,40,000 இருக்கும்போதே அட்மிஷன் போட்டுவிட்டார்கள். இது எப்படி? பயமாக இருக்கிறது.

பதில் 1:
பிளேட்லெட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாதுங்க. டெங்குவில் பெரிய ஆபத்து பிளாஸ்மா கசிவுதான். ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியேறினால் ரத்தம் கெட்டியாகும், பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு) ஏறும். முதலில் இருந்த அளவைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு நன்றாகவே நடக்கிறது என்று அர்த்தம், அதனால் முதல் நாள் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள், அது இல்லாமல் இன்றைய எண்ணை எதோடு ஒப்பிடுவது?

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் சொன்ன எச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் அட்மிட் செய்ய வேண்டும்: விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஒரேயடியாகச் சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, கல்லீரல் வீக்கம், வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் கோத்தல், பிசிவி ஏற ஏற பிளேட்லெட் மளமளவென்று இறங்குவது. இது எதுவும் இல்லாவிட்டாலும் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகளை முன்கூட்டியே சேர்த்துவிடுவார்கள். அந்த அக்காவுக்கு அப்படி ஏதாவது?

கேட்டவர்:
ஆமாம், ஆறு மாத கர்ப்பம். இப்போது புரிகிறது. தம்பிக்கு இன்று காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது, இனி பயமில்லைதானே?

பதில் 2:
இனிமேல்தான் கவனமாக இருக்கணும்! காய்ச்சல் இறங்கியதிலிருந்து 24 முதல் 48 மணி நேரம்தான் கசிவு அதிகமாகும் கட்டம். ஜுரம் விட்டதும் தெம்பு வந்து சாப்பிட ஆரம்பித்தால் நல்லது, ஜுரம் விட்டும் ஆள் வாடிக்கொண்டே போனால் உடனே கிளம்புங்கள். முன்பு அவனுக்கு டெங்கு வந்திருக்கிறதா என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள். வைரஸில் நாலு வகை உண்டு, இரண்டாம் முறை வேறு வகை தாக்கினால் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் இரண்டாம் முறை வந்த பலருக்கும் சாதாரணமாகத்தான் போகிறது, அதை வைத்து மட்டும் யாரையும் முன்கூட்டிக் கணிக்க முடியாது.

பதில் 3:
ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கைகால் சில்லிட்டிருக்கிறது என்றால் மறுநாள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், ராத்திரியானாலும் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். அப்புறம், உடம்பு வலிக்கு பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.