காஷ்மீர்க் கவிஞர் ஆகா ஷாஹித் அலி உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தார்?

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. 2001 டிசம்பரில் அமெரிக்காவில் அவர் இறந்தபோது எனக்குப் பெயர்கூடத் தெரியாது. அப்புறம் டெல்லியில் வேலை பார்த்தபோது, தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், நடைபாதைக் குவியலிலிருந்து ‘கால் மீ இஷ்மாயில் டுநைட்’ கிடைத்தது. அவர் மறைவுக்குப் பின் 2003-ல் வந்த தொகுப்பு. முழுக்க ஆங்கில கஜல்கள்.

நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற உருது ஆசிரியர் ஒருவர் இருந்தார். மாஸ்டர் சாப் என்று கூப்பிடுவேன். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. “அங்ரேஸியில் கஜலா?” என்று நெற்றியைச் சுருக்கியவர், சரி, படி என்றார்.

கஜலில் ஒவ்வொரு ஷேரும் இரண்டு வரி. முதல் ஷேரின் இரண்டு வரிகளும், அதன்பின் ஒவ்வொரு ஷேரின் இரண்டாம் வரியும் ஒரே சொல்லில் முடியும். அது ரதீஃப். அதற்கு முந்தைய சொல் ஒலியில் இயைந்து வரவேண்டும். அது காஃபியா. நம் இயைபுக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் அந்தச் சொல் எப்போது வரும் என்று கேட்பவர் காத்திருப்பதில்தான் கஜலின் உயிர் இருக்கிறது. இரண்டும் இல்லாமல் எழுதிவிட்டு கஜல் என்று பெயர் வைத்த அமெரிக்கக் கவிஞர்களோடு ஷாஹித் விடாமல் வாதாடினார். விதிப்படி எழுதிய ஆங்கில கஜல்களைத் திரட்டி 2000-ல் ஒரு தொகை நூலும் கொண்டுவந்தார்.

நான் வாசித்தது ‘டுநைட்’ என்ற ரதீஃபில் அமைந்த கஜல். ஸ்பெல், எக்ஸ்பெல், டெல் என்று போனது. மூன்றாவது ஷேரில் ‘செல்’ என்று சொல்லி மூச்சு வாங்கினேன். “டுநைட்” என்று மாஸ்டர் சாப் சொல்லிவிட்டார்! சொற்களில் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் எங்கே காத்திருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. கடைசி ஷேரில் கவிஞர் பெயர் வந்ததும் திரும்பப் படிக்கச் சொன்னார். ஷாஹித் என்றால் பாரசீகத்தில் காதலுக்குரியவர், அரபியில் சாட்சி. இன்னொரு கஜலில் இதைக் கவிஞரே சொல்கிறார். அதையும் படித்துக் காட்டினேன். வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

உங்களுக்கு எப்படி?

* * *

எனக்கு ஃபைஸ் வழியாக வந்தார். ஃபைஸ் அஹமத் ஃபைஸின் உருதுக் கவிதைகளை 1991-ல் ஷாஹித் ஆங்கிலத்தில் தந்த நூல்தான் முதலில் கைக்கு வந்தது. பலர் இவரை உருதுக் கவிஞர் என்றே நினைக்கிறார்கள். இவர் கவிதை எழுதிய மொழி ஆங்கிலம். உருது, ஸ்ரீநகர் வீட்டில் காதால் கேட்டு வளர்ந்தது. கஜல் பாடகி பேகம் அக்தரின் குரலில் ஊறியது. 1974-ல் அந்த அம்மா இறந்ததற்கு இவர் எழுதிய இரங்கல் கவிதையைப் படித்துவிட்டு அவருடைய பாட்டைக் கேளுங்கள். நான் முன்பின்னாகச் செய்தேன், இன்னும் வருத்தமாக இருக்கிறது.

* * *

நான் கவிதை படிக்கிறவன் இல்லை. 1990-ல் ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே தபால் பிரிவில் சார்ட்டர், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலை. ஸ்ரீநகர் விலாசம் போட்ட கடிதங்கள் வரும். வடக்கே போகும் பையில் சேர்த்துக் கட்டிவிடுவோம். அதோடு எங்கள் வேலை முடிந்தது.

ஓய்வு பெற்றபின் என் மகள் ஷாஹித்தின் ‘தி கன்ட்ரி வித்அவுட் எ போஸ்ட் ஆஃபீஸ்’ நூலைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தாள். 1997-ல் வந்தது. 1990-ல் கலவரத்தால் காஷ்மீரில் ஏழு மாதம் தபால் பட்டுவாடாவே இல்லை. தபால் நிலையத்தில் கடிதங்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. பக்கத்தில் குடியிருந்த ஒருவர், ஷாஹித்தின் தந்தைக்கு நண்பர், போய் மேலாக இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தால், அது அவருக்கே வந்த கடிதம்.

நான் பேசாமல் இருந்தேன். “நீங்க கட்டின பையும் அங்கேதான் கிடந்திருக்கும்ப்பா” என்றாள் மகள்.