புதுப்பிப்பு: அப்பாவோட கிரியாட்டினின் திடீர்னு ஏறினதுக்கு காரணம் கிடைச்சிடுச்சு

அப்பாவுக்கு கிரியாட்டினின் (கிட்னி சரியா வேலை செய்யலன்னா ரத்தத்துல ஏறுற கழிவு) 1.4-ல இருந்து 2.7 ஆயிடுச்சு, சுகர் பிபி ரெண்டும் கன்ட்ரோல்ல தான் இருக்கு, அப்புறம் ஏன்னு போன மாசம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

"சீட்டு இல்லாம வாங்கிப் போடுற மாத்திரையையும் பாருங்க"ன்னு ஒருத்தர் சொன்னாரு, அதுதான் விஷயம். அப்பா சட்டைப்பையில பாதி காலியான டைக்ளோஃபெனாக்ங்கிற வலி மாத்திரை அட்டை இருந்துச்சு, முட்டிவலிக்கு ரெண்டு மாசமா தினமும் போட்டிருக்காரு, எங்ககிட்ட சொல்லவே இல்ல. ஏற்கனவே லோசார்டான்ங்கிற பிபி மாத்திரை, நீர் மாத்திரை ரெண்டும் ஓடுது, இதோட வலி மாத்திரையும் சேர்ந்தா கிட்னிக்குப் போற ரத்த ஓட்டம் குறைஞ்சிடும்னு டாக்டர் விளக்கினாரு. ரத்தத்துல பொட்டாசியம் வேற 5.8-னு அதிகமா இருந்துச்சு, அதனால வலி மாத்திரையோட லோசார்டானையும் கொஞ்ச நாள் டாக்டரே நிறுத்தி வச்சாரு (நீங்களா நிறுத்திடாதீங்க).

மூணு வாரத்துல கிரியாட்டினின் 1.6. விரல் வச்சு அழுத்தினா குழி விழுந்த கால் வீக்கமும் வடிஞ்சிடுச்சு.

எதிர்பாக்காதது, யூரின்ல அல்புமின் கிரியாட்டினின் ரேஷியோ (யூரின்ல எவ்வளவு புரோட்டீன் கசியுதுன்னு காட்டுற டெஸ்ட்) 420, 30-க்குள்ள இருக்கணுமாம். சுகரால பாதிப்பு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு, இந்த டெஸ்ட்டை யாரும் எடுக்கச் சொல்லல, அதுதான் மனசு ஆறல. யூரின்ல போற புரோட்டீன் குறையணும்னு லோசார்டானை திரும்ப குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சிருக்காங்க. அடுத்த டெஸ்ட் ரெண்டு வாரத்துல.