புதுப்பிப்பு: ஒஹாயோ ஸ்டேட் ஆஃபென்சிவ் லைன் 2024

அமெரிக்கக் கல்லூரி கால்பந்து அணியான ஒஹாயோ ஸ்டேட்டின் ஆஃபென்சிவ் லைன் (பந்து தம் அணியிடம் இருக்கும்போது முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐந்து பேர்) பற்றி, சீசனுக்கு முன் இதே இழையில் இரண்டு கவலை எழுதியிருந்தேன். ஒன்று, அலபாமா அணியிலிருந்து வந்த சென்டர் (வரிசையின் நடு ஆள்) சேத் மெக்லாக்லினின் ஸ்னாப், அதாவது அவர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது. மிச்சிகனுடனான ரோஸ் பவுல் ஆட்டத்தில் அது தவறிப்போய் அலபாமாவை ரொம்பவே படுத்தியது. இன்னொன்று, லெஃப்ட் டாக்கிளில் (வரிசையின் இடது ஓரத்தில்) ஜாஷ் சிமன்ஸுக்கு ஏதாவது ஆனால் அடுத்து யார் என்பது.

முதல் கவலை தீர்ந்தது. மெக்லாக்லின் நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருதையே வாங்கிவிட்டார். இரண்டாவது அப்படியே நடந்தது. அக்டோபரில் ஓரிகன் ஆட்டத்தில் சிமன்ஸுக்கு முழங்காலில் அடி, சீசன் முடிந்தது.

அப்புறம் செய்ததுதான் அருமை. லெஃப்ட் கார்டு (சென்டருக்கும் லெஃப்ட் டாக்கிளுக்கும் நடுவில் நிற்பவர்) டானவன் ஜாக்ஸனை டாக்கிளுக்கு நகர்த்தினார்கள். அங்கே அவர் ஆரம்பத்திலிருந்தே இறங்கிய முதல் ஆட்டமே பென் ஸ்டேட் மைதானத்தில், எதிரே அவர்களுடைய நட்சத்திரத் தடுப்பாட்டக்காரர் அப்துல் கார்ட்டர்! ஆரம்பத்தில் திணறினார். ஆனால் கடைசி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள்: சொந்த 1 யார்டு கோட்டிலிருந்து தொடங்கி, பந்தை எறியாமல் கையில் வைத்து ஓடியே கடிகாரத்தைக் கரைத்து 20-13 என ஜெயித்தார்கள். அந்தத் தொடர் முன்னேற்றம் (டிரைவ்) முழுக்க லைனின் உழைப்பு.

நவம்பரில் மெக்லாக்லினுக்கும் குதிகால் தசைநாண் (அகில்லெஸ்) போயிற்று. கார்ஸன் ஹின்ஸ்மன் சென்டருக்கு வந்தார். மிச்சிகனிடம் 13-10 தோல்வி வலித்தது, ஓடவே இடம் கிடைக்கவில்லை. ஆனால் அதே ஒட்டுப்போட்ட லைன்தான் ஜனவரியில் நோட்ர டேமை 34-23 என வென்று தேசியச் சாம்பியன் கோப்பையைத் தூக்கியது.

ஆகவே அடுத்த சீசனை எடைபோடும்போது, முதல் ஐந்து பேரை விட ஆறாவது, ஏழாவது ஆளைத்தான் முதலில் பார்க்கப்போகிறேன்.