விடுபட்ட நாட்களை எண்ண காலண்டர் டேபிள் தேவையா?

மீட்டர்மணி:
ஒவ்வொரு மீட்டரும் நாளுக்கு ஒரு ரீடிங்காவது அனுப்ப வேண்டும். தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் மீட்டர் டேபிளில் இருக்கின்றன, மீட்டருக்கு மீட்டர் மாறும். எதற்கு எத்தனை நாள் விடுபட்டது என்று ஒரே எஸ்க்யூஎல் குவெரியில் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில்) எடுக்க வேண்டும். குரூப் பை போட்டு மீட்டர்வாரியாகத் தொகுத்தால் வந்த நாளை மட்டும்தான் எண்ணுகிறது.

கணக்கன்:
வராததை எதற்கு எண்ண வேண்டும்? கழித்தால் போச்சு. இரண்டு தேதிக்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒன்றைக் கூட்டி, அதிலிருந்து கவுண்ட் டிஸ்டிங்க்ட் தேதியை, அதாவது ஒவ்வொரு தேதியையும் ஒருமுறை மட்டும் எண்ணிய எண்ணிக்கையை, கழியுங்கள். மார்ச்சில் 31 நாள், ரீடிங் வந்தது 28 நாள், விடுபட்டது 3. டிஸ்டிங்க்ட் இல்லாவிட்டால் ஒரே நாளில் வந்த இரண்டு ரீடிங் ஒரு ஓட்டையை மூடி மறைத்துவிடும்.

நாட்காட்டி:
ஒரு ரீடிங்கும் அனுப்பாத மீட்டர்? உங்கள் ரிசல்ட்டில் அது தலையே காட்டாது. முதலில் தெரிய வேண்டியதே அதுதான். நாளுக்கு ஒரு ரோவாக எல்லாத் தேதியும் உள்ள காலண்டர் டேபிளை மீட்டரோடு சேர்த்து, ரீடிங்கை லெஃப்ட் ஜாயின் (பொருந்தாத ரோவையும் விடாத இணைப்பு) செய்து, நல் (NULL, வெற்று மதிப்பு) வந்த ரோக்களை எண்ணுங்கள்.

கணக்கன்:
அதற்குக் காலண்டர் எதற்கு? மீட்டர் டேபிளிலிருந்து லெஃப்ட் ஜாயினைத் தொடங்கினால் போதும். தேதி வரம்பு மட்டும் ஆன் (ON, இணைக்கும் நிபந்தனை) பகுதியில் இருக்கட்டும். வேர் (WHERE, வடிகட்டும் நிபந்தனை) பகுதிக்குப் போனால் நல் ரோ அடிபட்டு, லெஃப்ட் ஜாயின் இன்னர் ஜாயின் (பொருந்தியதை மட்டும் தரும் இணைப்பு) ஆகிவிடும். 10,000 மீட்டர், 365 நாள் என்றால் உங்கள் வழியில் 36,50,000 ரோ. ஒரு எண்ணுக்காக இவ்வளவா?

ஜன்னலோரம்:
முந்தைய ரோவின் மதிப்பைத் தரும் லேக் (LAG) ஃபங்ஷனை யாரும் சொல்லவில்லையே. முந்தைய ரீடிங் 5-ம் தேதி, அடுத்தது 9-ம் தேதி என்றால் நடுவில் 3 நாள் இல்லை. எங்கிருந்து எதுவரை என்பதும் கையோடு கிடைக்கும்.

நாட்காட்டி:
முனைகள் விட்டுப்போகும் நண்பரே. தொடக்கம் 1, முதல் ரீடிங் 4 என்றால் லேக் அங்கே நல் தரும், அந்த 3 நாள் கணக்கிலேயே வராது. கடைசி முனையிலும் இதே கதைதான்.
கணக்கன் அவர்களே, பராமரிப்புக்காக மூடிய நாட்களை உங்கள் கழித்தல் எப்படி அறியும்? காலண்டரில் ஒருமுறை குறித்து வைத்தால் தீர்ந்தது. "எந்த 3 நாள்?" என்று அடுத்த கேள்வி வந்தாலும் என் குவெரியில் கவுண்ட்டை எடுத்துவிட்டுத் தேதியைப் போட்டால் பதில்.

மீட்டர்மணி:
பராமரிப்பு நாள் கிடையாது, எண்ணிக்கை போதும். ஆனால் ரீடிங் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறது.

கணக்கன்:
அப்படியானால் முதலில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள், அப்புறம் தேதியைப் பிரியுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவை ஒட்டிய ரீடிங் பக்கத்து நாளில் போய் விழும். தேதி வரம்புக்குப் பிட்வீனும் (BETWEEN) வேண்டாம்: மார்ச் 31 என்று கொடுத்தால் அது அன்று 00:00 மணி, பகல் ரீடிங் எல்லாம் வெளியே. ஏப்ரல் 1-க்கு முன் என்று எழுதுங்கள்.

நாட்காட்டி:
சரி, இதில் சண்டை இல்லை. ஆனால் இன்னும் ஓடும் மீட்டருக்கு முடிவுத் தேதி நல் (NULL) ஆக இருக்குமே, கழித்தால் விடையும் நல்தான். நல் வந்தால் வேறு மதிப்பைத் தரும் கோலெஸ் (COALESCE) போட்டு நேற்றைய தேதியைக் கொடுங்கள். இன்றைய தேதி கொடுத்தால், இன்னும் ரீடிங் வராத மீட்டரெல்லாம் ஒரு நாள் விட்டதாகக் காட்டும்.