வெள்ளைக்காரர் ஏன் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற அறுகம்பையில் வந்து தங்கிவிடுகிறார்கள்?

கல்லடியான்: நம்ம பொடியன்கள் கட்டார், கனடா என்று ஓடுகிறார்கள். தங்கள் நாட்டில் நல்ல உத்தியோகம் இருந்த வெள்ளைக்காரர் சிலர் இங்கே வருடக்கணக்கில் இருக்கிறார்கள். கடல் அலையில் சறுக்கி விளையாட மட்டுமா?

பொத்துவில் காக்கா: தம்பி, அலை ஒரு சாட்டு. யூரோவில் உழைத்து ரூபாயில் செலவழித்தால் யாருக்குக் கசக்கும்? ஒன்லைன் வேலைக்காரருக்கு லேப்டொப்பும் கரண்டும் இருந்தால் போதும், (கரண்ட் போகும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்!) முதலாளி எந்த நாட்டில் இருந்தால் என்ன. ஆனால் காணி வாங்கிக் குடியேறுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு வெளிநாட்டவர் பெயருக்குக் காணி உறுதி எழுத ஏலாது, குத்தகைதான், கூடினால் 99 வருடம்.

அக்கரைப்பற்றாள்: கடவுச்சீட்டை விட்டுவிட்டீர்களே காக்கா. ஜெர்மன்காரருக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த பிளைட். நம்மவர் நகையை ஈடு வைத்துப் போகிறவர், பிடிக்காவிட்டாலும் இருந்தே ஆக வேண்டும். இங்கேயே கலியாணம் முடித்தவர்கள் கதை வேறு.

கல்லடியான்: சரி, மார்கழி மழையிலும் இருப்பார்களா?

பொத்துவில் காக்கா: பாதிப் பேர் தெற்குக் கரையில் இருக்கிற வெலிகமவுக்குப் போய்விடுவார்கள். அங்கே அப்போதுதான் சீசன்.