ஒட்டாவாவில் கூரை மாற்றுகிறோம்: மெட்டலா, சிங்கிள்ஸா?

வணக்கம். இந்தக் கோடையில் வீட்டுக் கூரையை மாற்றியே ஆக வேண்டும். இப்போது இருப்பது ஆஸ்பால்ட் சிங்கிள்ஸ் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தார் பூசிய மெல்லிய வில்லைகள்), 19 வருடப் பழசு. போன பிப்ரவரியில் வீட்டுச் சூடு மேலே ஏறி உருக்கிய பனி, கூரை விளிம்புக்கு வந்ததும் திரும்ப உறைந்து வரப்பு மாதிரி நின்றுவிட்டது, பின்னால் தேங்கிய தண்ணீர் சிங்கிள்ஸுக்கு அடியில் புகுந்து மகள் படுக்கும் அறையின் உட்கூரையில் தேநீர்க் கறை போல ஒரு வட்டம். தினமும் காலையில் அது பெரிதாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மெட்டல் போட்டால் பனி வழுக்கி இறங்கிவிடும், 40 வருடத்துக்கு மேல் உழைக்கும் என்கிறார்கள். சரி, ஆனால் மொத்தப் பனியும் ஒரே சரிவாக வாசலில் விழுமே, அம்மா அந்த வழியாகத்தான் நடக்கிறார். பனி மொத்தமாகச் சரியாமல் கூரையிலேயே பிடித்து நிறுத்தும் ஸ்னோ கார்டு வைத்தால் உண்மையில் தாங்குமா?

எனக்கென்னவோ முதலில் அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணில், வீட்டுச் சூடு மேலே ஏறாமல் தடுக்கும் இன்சுலேஷனும் காற்றோட்டமும்தான் சரியாக வேண்டும் என்று தோன்றுகிறது. அதைச் செய்துவிட்டு, விளிம்பில் ஒட்டும் நீர்த்தடுப்புப் படலத்தை வெளிச்சுவரைத் தாண்டி உள்ளே வரை விரித்து, மேலே சிங்கிள்ஸே போட்டால் போதுமா? இரண்டு மூன்று குளிர்காலம் மெட்டல் கூரையோடு இருந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், அக்டோபருக்குள் வேலை முடிய வேண்டும்.